சுதா கட்டிய அண்ணனூர்

காய்ச்சல் அடித்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய் நிற்கிற ஆள் கஜபதி. அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். அப்படிப்பட்டவன் அன்றைக்கு லீவு போட்டது மனைவிக்காகத்தான். அதுவும் அவளுக்குத் தெரியாமல்.

சுதா குத்தம்பாக்கத்துக்குப் போயிருந்தாள், திரும்ப மறுநாள் ஆகும். அவள் அக்கா வனஜாவின் மகளுக்கு வளைகாப்பு. "நீயும் வா மாமா, ஒரு நாளு கம்பெனி முழுகிடாது" என்று அவள் கூப்பிட்டபோது, "ஆடிட்டு கீது சுதா, நகர முடியாது" என்று பொய் சொல்லியிருந்தான். அத்தை மகளையே கட்டியவன். கல்யாணத்துக்கு முந்தி கூப்பிட்ட மாதிரியே இன்றைக்கும் அவள் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் அவளைத் திருவேற்காடு பக்கம் போகிற ஷேர் வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பெட்டியை எடுத்தான். உள்ளே கம்ப்யூட்டருக்கு வாங்கிய புது கிராபிக்ஸ் கார்டு இருந்தது.

கம்ப்யூட்டர் அவர்கள் மகள் சுரேகாவுடையது. காலேஜில் படிக்கும்போது ஒவ்வொரு பாகமாக வாங்கி அவளே பூட்டியது. ஊரடங்கு சமயத்தில் மூன்று பேரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, அவள் அம்மாவுக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். வெறும் தரை இருக்கும். அதில் ரோடு போடலாம், தண்டவாளம் போடலாம், வீடு கட்டலாம், மரம் நடலாம், ஆட்களை நடக்க விடலாம். அம்மாவும் மகளும் தங்கள் அண்ணனூரையே அதில் கட்ட ஆரம்பித்தார்கள். சுதா திருமுல்லைவாயலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கம்ப்யூட்டர் என்றால் பில் அடிக்கிற பெட்டி என்று இருந்தவளுக்கு அது புது உலகமாகிவிட்டது. பிறகு சுரேகா வேலை கிடைத்து லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு புனேவுக்குப் போனாள். சுதா விடவில்லை. தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அதே ஹாலில்தான் கஜபதி டிவி பார்ப்பான்.

"இன்னா, மேஸ்திரி வேலை முடிஞ்சுதா?" என்று அவன் கிண்டல் செய்வான். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டாள். சில நாள், "மாமா, இங்க வந்து இத்த ஒரு தபா பாரேன்" என்பாள். "விளம்பரம் வரட்டும்" என்பான். விளம்பரம் வந்தால் கை தானாகப் போனை எடுக்கும். அவளும் இரண்டாவது முறை கூப்பிடமாட்டாள்.

ஊர் பெரிதாகப் பெரிதாகக் கம்ப்யூட்டர் திணறியது. ஒருநாள் சுதா போனில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "படம் திக்குதுடி. ரயிலு போனா நின்னு நின்னு போவுது. நாலு வூடு தள்ளிப் போறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது." மகள் அந்தப் பக்கத்திலிருந்து, கார்டு மாற்ற வேண்டும் என்று சொன்னது கஜபதி காதிலும் விழுந்தது. அன்றைக்கு அவன் மனதில் என்னவோ ஒன்று உறுத்தியது. இத்தனை வருஷத்தில் அவளாக வாய்விட்டு ஒரு பொருள் கேட்டதில்லை. இப்போதும் அவனிடம் கேட்கவில்லை. மகளிடம் தனியாகப் பேசி, எந்தக் கார்டு என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டு, தீபாவளி போனஸ் வந்ததும் ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்துவிட்டான்.

வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினான். அதில் குறை சொல்ல முடியாது. கரண்ட் வயரைப் பிடுங்கினான். கையில் இருக்கிற மின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியைத் தொட்டான். பக்கத்துக் கண்ணாடித் தகட்டைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பழைய கார்டை எடுத்தான். புதியது செங்கல் கனம். அழுத்தியதும் கொக்கி டக்கென்று விழுந்தது. தனியாகக் கரண்ட் வயர் கொடுக்க வேண்டும் என்று சுரேகா எழுதியிருந்தாள். அதையும் மறக்காமல் கொடுத்தான்.

கடைசியாக, டிவி மாதிரி இருக்கிற அந்தத் திரையின் கேபிளைச் சொருகப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தான். புதுக் கார்டின் துளைகள் எல்லாம் கறுப்பு மூடிகளால் அடைபட்டிருந்தன. அவன் கம்பெனியில், பெயின்ட் ஏறக் கூடாத துளைகளுக்கு இப்படித்தான் ரப்பர் மூடி போடுவார்கள். மூடி இருந்தால் கை வைக்காதே என்று அர்த்தம். புதுப் பையன்கள் யாராவது தெரியாமல் பிடுங்கிவிட்டால் கஜபதியே சத்தம் போடுவான். ஒரு சாண் மேலே, பெட்டியோடு சேர்ந்தாற்போல் அதே வடிவத்தில் இன்னொரு துளை மூடியில்லாமல் திறந்திருந்தது. அதில் சொருகினான். கச்சிதமாகப் பொருந்தியது.

பட்டனைத் தட்டியதும் கார்டின் விசிறிகள் சுழன்றன. திரையில் படம் வந்தது. ஈரத்துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு சோதனைக்குத் திறந்து பார்த்துவிடலாம் என்று சுதாவின் விளையாட்டைத் தட்டினான்.

வெகு நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் ஊர் வந்தது. ஒரு தெரு. தெருக்கோடியில் ஏதோ மஞ்சளாக. ஒரு பெண் கையில் குடத்தோடு ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றாள், இன்னொரு அடி வைப்பதற்குள் ஒரு யுகம் ஆனது. ரயில் ஒன்று வந்து பாதியில் உறைந்தது. முன்னைவிட மோசம். கஜபதி பார்த்தது அந்தத் திக்கலை மட்டும்தான். எந்தத் தெரு, அந்தப் பெண் யார், மஞ்சளாகத் தெரிந்தது என்ன என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. அவள் கட்டிய ஊர் முழுசாக அவன் கண் முன்னால் வந்து நின்றது அந்த ஒரு நாள்தான். அது அவனுக்கு அப்போது தெரியாது.

சுரேகாவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. "மீட்டிங்ல கீறேன் நைனா. சாயந்திரம் கூப்பிடறேன்" என்று எழுதி அனுப்பினாள். சாயந்திரம் வரை சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை.

யூடியூபில் தேடினான். யாரோ ஒரு பையன், பல்லெல்லாம் தெரியப் பேசினான். பழைய கார்டை இயக்குகிற டிரைவர் என்ற புரோகிராம் உள்ளே தங்கியிருக்கும், அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்றான். கஜபதி நீக்கினான், போட்டான். மாறவில்லை. கார்டைக் கழற்றி மறுபடி மாட்டினான். மாறவில்லை. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் சுதா கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் பாடுகிற சத்தம்.

"சாப்ட்டியா மாமா? கேன்டீன்ல இன்னா போட்டான்?"

"சாம்பார் சாதம்."

"இங்க இடி இடிக்குது. காலைல அவசரத்துல கம்ப்யூட்டர் பிளக்க புடுங்கினனான்னு தெரியல. நீ போனதும் பாத்துடு."

"சரி, பாக்கறேன்."

"இன்னா, குரல் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல, மிஷின் சத்தம். நீ வை."

கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்கு அவள் முகத்தில் அந்த ஆச்சரியம் இருக்காதே என்று விழுங்கிக்கொண்டான்.

வீடியோவில் அந்தப் பையன் அடுத்ததைச் சொன்னான். எதற்கும் மசியவில்லை என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவது நல்லது. அது கஜபதிக்குச் சட்டென்று பிடித்தது. அவன் தொழிலே அதுதான். பழைய துருவும் எண்ணெயும் போகக் கழுவாமல் மேலே பெயின்ட் ஏற்றினால் நிற்காது. திரையில் கேள்விகள் வந்தன. கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா? கொஞ்சம் தயங்கினான். போட்டோ எல்லாம் அவள் போனில் இருக்கிறது. விளையாட்டு? போனில் ஒரு ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டால், விட்ட இடத்திலேயே இருக்கிறதே, அது மாதிரிதான் இதுவும் என்று நினைத்தான். நீக்கு என்றான். இந்த டிரைவை மட்டுமா, எல்லா டிரைவையுமா? எல்லாம். டிரைவை முழுமையாகச் சுத்தம் செய்யவா? செய்.

அது பாட்டுக்கு மத்தியானம் முழுக்கச் சுத்தம் செய்தது. மழை பெய்து ஓய்ந்தது. கஜபதி சோறு வைத்துச் சாப்பிட்டான். எல்லாம் முடிந்து, மறுபடி விண்டோஸ் வந்து, டிரைவரை ஏற்றிப் பார்த்தால், கம்ப்யூட்டர் புதுக் கார்டைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை.

சுரேகா கூப்பிட்டபோது அவனுக்கு அழுகையே வந்துவிடும் போல் இருந்தது.

"கார்டு மாட்டிட்டேன், வேலை செய்யல. முன்ன விட மோசமா திக்குது."

"விசிறி சுத்துதா நைனா?"

"சுத்துது."

"கேபிள எங்க சொருவி கீற?"

"பின்னால."

"பின்னாலதான். மேலயா, கீழயா?"

"மேல. கீழ எல்லாம் மூடி போட்டு வெச்சி கீறான்."

சுரேகா சிரித்துவிட்டாள். "அது தூசி போவாம இருக்கப் போட்ட மூடி நைனா. அதப் புடுங்கிட்டு அங்க சொருவு. மேல சொருவினா கார்டு சும்மா உக்காந்துகினு இருக்கும்."

மூடி நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. கேபிளை ஒரு சாண் கீழே மாற்றினான். படம் பளிச்சென்று வந்தது. அவனும் சிரித்தான். "அட, இதுக்காடி காலைலேந்து லோல் பட்டேன்? கழட்டி மாட்டி, எல்லாத்தையும் சுத்தம் பண்ணி..."

"இன்னா சுத்தம்?"

சொன்னான்.

"சுரேகா?"

"எந்த டிரைவ நைனா?"

"எல்லாத்தையும்தான்."

"அந்த ஊரு அந்த டப்பாவுலதான் நைனா இருந்துது. வேற எங்கயும் இல்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டாவது டிரைவ்ல காப்பி எடுத்து வெக்கச் சொல்லி அம்மாவுக்குக் கத்துக் குடுத்தேன். வாராவாரம் எடுத்துகினு இருந்துச்சு. அதுவும் போச்சா?"

மறுநாள் காலையிலேயே பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஆவடிக்குப் போனான். ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யூசுப் அவனுக்குத் தெரிந்தவன். மாட்டி, தேடி, கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான். "சும்மா டெலிட் பண்ணியிருந்தாலும் தேடிப் பாக்கலாம் அண்ணே. இது அழிச்சதுக்கு மேல எழுதியும் விட்டுருக்கு. அப்படி இன்னா இருந்துச்சு, ஆபீஸ் வேலையா?" உண்மையிலேயே அதில் என்ன இருந்தது என்று கஜபதிக்குத் தெரியாது.

சாயங்காலம் சுதா வந்தாள். இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். பையில் புளிசாதமும் தேங்காய்ச் சாதமும். செருப்பைக் கழற்றும்போதே, பெட்டியின் கண்ணாடி வழியாக உள்ளே நீலமாய் எரிகிற புது வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள்.

"மாமா." பை கையிலேயே இருந்தது. "நீயா வாங்கின?"

தலையாட்டினான்.

"ஆடிட்டுன்னு சொன்னது இதுக்குத்தானா?"

அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவன் எல்லாம் செய்தது. அது வந்தது. அந்த நிமிஷம் அவன் வாயே திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அவள் புடவைகூட மாற்றாமல் போய் உட்கார்ந்தாள், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். அவன் மறுபடி ஏற்றி வைத்திருந்த விளையாட்டைத் திறந்தாள். புது ஊர் தொடங்கவா என்று கேட்டு நின்றது அது. அதிலிருந்து பின்னால் போய்ப் பழைய ஊர் இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டாவது டிரைவைத் திறந்து பார்த்தாள். அது காலி. வளையல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மூடியைப் பற்றிச் சொன்னான், யூசுப் சொன்னதைச் சொன்னான். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"நான் போன் பண்ணேனே மாமா. அப்ப கேட்டிருக்கலாம்ல."

"உனக்குத் தெரியாம செய்யணும்னு..."

"கேன்டீன்ல சாம்பார் சாதம்னு சொன்ன."

சுதா எழுந்து போய் முகம் கழுவினாள். புளிசாதத்தைத் தட்டில் வைத்து, அப்பளம் பொரித்து, அவன் முன்னால் வைத்தாள். திட்டியிருந்தால் அவன் சாப்பிட்டிருப்பான்.

சுரேகா விடாமல் தேடினாள். புனேவுக்குக் கிளம்பும்போது ஞாபகத்துக்கென்று ஊரை ஒரு பிரதி எடுத்துப் போய், பிறகு மறந்தே விட்டிருந்தாள்; அது அவள் லேப்டாப்பில் எங்கேயோ கிடைத்தது. அனுப்பி வைத்தாள். கஜபதி சாமிக்குக் கற்பூரம் ஏற்றாத குறை. "வந்துடுச்சு சுதா, வந்துடுச்சு" என்று அவளை அடுக்களையிலிருந்து கூட்டி வந்தான். புதுக் கார்டில் படம் கண்ணாடி மாதிரி ஓடியது, ஒரு திக்கல் இல்லை. இரண்டு தெரு. ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரம், அதுவும் பாதி. அதைத் தாண்டினால் வெறும் தரை, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும்.

"இது அவளும் நானும் கட்டினது" என்றாள் சுதா.

"அப்பால கட்டினது?"

"அது நான் தனியா கட்டினது."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அங்கே உட்காரவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து சோபாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். விளம்பரம் வந்தாலும் பார்த்தாள். பக்கத்தில் அவள் இருக்க, கஜபதிக்குத் திரையில் ஓடுவது எதுவும் தலையில் ஏறவில்லை. இத்தனை வருஷம் இதே இடத்தில் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தான். ஒரு கதைகூட முழுசாக நினைவில் இல்லை. முதுகுக்குப் பின்னால் மவுஸ் டக் டக்கென்று அடிக்கும் சத்தம்தான் நினைவில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவனும் கீழே உட்கார்ந்து ஒரு பல்லை எடுத்தான்.

"அதுல இன்னா இன்னா இருந்துச்சு சுதா?"

"இப்ப கேட்டு இன்னா பண்ணப் போற?"

"சும்மா சொல்லேன்."

அவள் தோலை ஊதிவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். "ரயில் ஷெட்டு முழுசா போட்டேன். அத்தினி லைனும். காலைல வரிசையா வண்டி கெளம்பும். ரயில்வே கேட்டாண்ட பூ விக்குதே நாகவல்லி, அத்த உக்கார வெச்சிருந்தேன். மஞ்சள் குடை. எங்க மருந்துக்கடை. எதுத்தாப்ல ராதிகா வூட்டு மாடில துணி காயும், காத்தடிச்சா ஆடும். அதுக்கே ஒரு வாரம் ஆச்சு."

தெருக்கோடியில் தெரிந்த மஞ்சள் அந்தக் குடையாக இருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை.

"குடம் தூக்கிகினு ஒரு பொம்பள போனாளே?"

சுதா நிமிர்ந்து பார்த்தாள். "நீ பாத்தியா?"

"அன்னிக்கு. திறந்து பாக்கும்போது."

"அது எங்கம்மா. லாரித் தண்ணி புடிக்கப் போவும்ல, அப்படியே வெச்சேன்." சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"நம்ம வூடு இருந்துச்சா?"

"இல்லாமயா?"

"நான்?"

கேட்ட பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஐம்பது வயசில் கேட்கிற கேள்வியா இது? சுதா உரித்த பூண்டுகளைக் கிண்ணத்தில் தள்ளினாள்.

"உன்ன வெக்கல மாமா. ஒரு நாளு வந்து பாத்தா, எங்க நிக்க வெக்கட்டும்னு கேட்டு வெச்சிக்கலாம்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கஜபதி கையிலிருந்த பூண்டுப் பல்லை உரிக்காமலே உருட்டிக்கொண்டிருந்தான்.

பொங்கலுக்கு சுரேகா வந்தாள். அந்த மிஷினில் ஏதோ கார் ஓட்டும் விளையாட்டை ஏற்றி விளையாடினாள். "செம்ம கார்டு நைனா இது" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அம்மாவிடம், மறுபடி சேர்ந்து கட்டலாமா என்று கேட்டாள். "கை வரலடி" என்றாள் சுதா. "ஒவ்வொண்ணும் எங்க இருந்துச்சுன்னு நெஞ்சுல கீது. மறுபடி வெச்சா அது காப்பிதான்." சுரேகா வற்புறுத்தவில்லை. லீவு முடிந்து ரயிலேறிப் போனாள்.

அவள் போன பிறகு வந்த ஒரு சாயங்காலம், கஜபதி டிவியை நிறுத்திவிட்டு எழுந்தான். கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து அந்தப் பழைய ஊரைத் திறந்தான். எது எதற்கு என்று புரிய வெகு நேரமானது. ஒரு மரத்தை நடு ரோட்டில் நட்டுவிட்டான். அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் இன்னொன்றையும் நட்டான். கடைசியில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு வீட்டை வைத்தான். கோணலாக நின்றது. ஆனாலும் அது வீடு மாதிரி இருந்தது.

துணி எடுக்க மாடிக்குப் போகிற வழியில் சுதா அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அங்க கட்டாத. அது ஏரி."

"தண்ணியே காணோம்?"

"நாங்க இன்னும் தோண்டல. அங்க ஏரிதான் வரும். ஏரில போய் வூடு கட்டுவாங்களா?"

"நெஜத்துல எல்லாரும் ஏரிலதான கட்டி கீறாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

அவன் வீட்டை எடுத்தான். அது எப்படியோ ஒரே தட்டில் போய்விட்டது. தரை பழையபடி வெறுமையானது. "அப்ப எங்க கட்டட்டும், நீ சொல்லு" என்று திரும்பினான். அவள் படியேறிப் போயிருந்தாள். மாடியில் அவள் கிளிப்புகளைக் கழற்றி டப்பாவில் போடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கஜபதி எதையும் தொடாமல், கையை மவுஸ் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.